வானில் தொலைந்தவர்கள் – 14: பந்தயத் திடலில் இருந்து ஒன்பது விமானங்கள்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்ட கதையைப் போன வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம் அரக்கோணம் ஓடுதளம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் ஏப்ரல் 9 என்னை விடவில்லை.

அன்று காலை கொழும்பு ரேஸ்கோர்ஸிலிருந்து பிரிட்டிஷ் வான்படையின் 11ஆவது ஸ்குவாட்ரன் ஜப்பானியக் கப்பற்படையைத் தாக்கக் கிளம்பியது. ரேஸ்கோர்ஸ் என்றால் குதிரை ஓடும் திடலேதான்! போருக்காக அதை அவசரமாக ஓடுதளமாக்கியிருந்தார்கள். அப்படி ஒன்று இருப்பதே ஜப்பானியருக்குத் தெரியாது. நம் சோழவரத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். போருக்குப் போட்ட ஓடுதளம் பிற்பாடு கார், மோட்டார் சைக்கிள் பந்தயத் திடலானது. ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோற்றோடு அங்கே போய் உட்கார்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இதற்கே தனி அத்தியாயம் எழுதலாம், எழுதுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள். விமானத்துக்கு மூன்று பேர்: ஓட்டுபவர், வழி பார்த்துக் குண்டு போடுபவர், பின்னால் வயர்லெஸ்ஸையும் துப்பாக்கியையும் சேர்த்துக் கவனிப்பவர். துணைக்கு ஒரு சண்டை விமானம்கூட இல்லை. ஜப்பானியக் கப்பல்களில் ரேடார் கிடையாது. மூவாயிரம் மீட்டருக்கு மேலே வந்தவர்களை யாரும் பார்க்கவில்லை. அகாகி என்ற தலைமைக் கப்பலைச் சுற்றித் தண்ணீர் எழும்பிய பிறகுதான் மேலே ஆள் இருப்பதே தெரிந்தது. ஒரு குண்டும் கப்பலில் விழவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை.

குறி தப்பியதால் இவர்களைச் சரித்திரம் ஒரு வரியில் கடந்துவிட்டது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மேலிருந்து திடீரென வந்தால் அந்தக் கப்பற்படை திணறும் என்று முதலில் காட்டியவர்கள் இவர்கள். இரண்டே மாதத்தில், மிட்வேயில், அமெரிக்க விமானங்கள் அதே அகாகியை அப்படித்தான் பிடித்தன.

அந்த வாரம் மெட்ராஸே காலியாகிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்த சேதி வந்தபின் கேட்கவா வேண்டும்? திருத்தணி பக்கம் கனகம்மாசத்திரம் டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: “பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோட இந்த ரோட்டுலதாங்க போச்சாம். எங்க அம்மா தண்ணி மொண்டு குடுத்திருக்காங்க.” விமானம் ஏறிப் போனவர்களைப் பற்றிக் கேட்டேன். “அது யாரும் சொல்லலீங்களே” என்றார்.

உடல் கிடைக்காத வான்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் இருக்கின்றன. 1957இல் திறந்தது. மேற்கூரையே விமான இறக்கை வடிவம். அங்குள்ள 24,000க்கு மேற்பட்ட பெயர்களில் நம் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். பிள்ளைகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போகிறவர்கள் ஒரு காலை வேளையைக் கிராஞ்சிக்கு ஒதுக்குங்கள். வான்படைப் பெயர்களில் 1942ஐத் தேடி, சத்தமாகவே வாசியுங்கள்.

அரக்கோணம் அடுத்த வாரம்.