மூன்று சாட்சிகள், ஒரே ஆண்டு

பழைய கைக்கடிகாரம் வாங்குமுன் அதனிடமே கேட்க வேண்டிய கேள்விகள்

பெட்டாலிங் ஜெயாவில், தாமான் ஜெயா எல்ஆர்டி நிலையத்துக்கு அருகிலுள்ள அம்கார்ப் மாலில் வார இறுதியில் பழம்பொருள் சந்தை கூடும். இசைத்தட்டுகள், நாணயங்கள், பீங்கான் கிண்ணங்களுக்கு நடுவே கைக்கடிகாரங்களும் பரப்பியிருக்கும். பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் போகும் நம்மவர்கள் அந்த மேசையைத் தாண்டுவது கஷ்டம். தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தா கட்டிய டிட்டோனி, ரயில்வேயில் வேலை பார்த்த பெரியப்பாவின் சீக்கோ 5, கல்யாணத்தில் மாமாவுக்குப் போட்ட ராடோ என்று ஒவ்வொன்றும் ஒரு முகத்தை நினைவுபடுத்தும். விற்பவர் ஒரு கதையும் சொல்வார். கை தானாகப் பைக்குள் போகும்.

அந்த நேரத்தில் கதையை ஒதுக்கிவிட்டுக் கடிகாரத்தை விசாரிக்க வேண்டும். டயல், கேஸ், உள்ளே ஓடும் மிஷின் ஆகிய மூன்றும் மூன்று சாட்சிகள். மூன்றும் ஒரே ஆண்டைச் சொன்னால் நம்பலாம். ஒன்று முரண்பட்டாலும் விலை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நாம் நகர வேண்டும்.

பின்மூடியில் பிறந்த தேதி

விசாரணையைப் பழகுவதற்கு ஏற்றது சீக்கோ 5. 1963-ல் அறிமுகமான இந்த வாட்ச் தன் பிறந்த தேதியை முதுகிலேயே சுமக்கிறது. 1970களின் சீக்கோவைத் திருப்பிப் பாருங்கள். நடுவே கோடிட்டுப் பிரித்த எட்டு இலக்கங்களில் முதல் நான்கு மிஷினின் எண், அடுத்த நான்கு கேஸின் எண். தனியாக இருக்கும் ஆறு இலக்க வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது இலக்கம் மாதம்.

6119 என்ற மிஷின் 1960களின் இறுதியிலிருந்து 1970களின் நடுப்பகுதிவரை வந்தது. அதன் வரிசை எண் 02 என்று தொடங்கினால், 1970 பிப்ரவரியில் பிறந்த வாட்ச் அது. டயலில் 6-க்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும் பொடி எழுத்திலும் பொதுவாக அதே 6119 இருக்கும். மூடியைத் திறந்தால் மிஷினிலும் அதே எண் பொறித்திருக்கும். மூடியில் 6119, டயலில் 7009 என்றால், இரண்டு வாட்சுகளைப் பிரித்து ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள்.

ஆகவே மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி தயங்க மாட்டார். தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

புதுசாக மின்னும் முகம்

பழைய கடிகாரத்தின் விலையில் பெரும்பங்கு டயலுக்கே. புழுக்கமும் ஈரமும் நிறைந்த நம் ஊரில், அலமாரியில் வைத்த தோல் செருப்பே பூஞ்சணம் பூக்கிறது. ஐம்பது ஆண்டுகள் இங்கே வேர்வை குடித்த வாட்சின் டயல் மட்டும் நேற்று அச்சடித்ததுபோல் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். மறுபடி வண்ணம் பூசிய டயலில் எழுத்துகள் தடித்திருக்கும், இடைவெளி ஒழுங்காக இருக்காது, நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு நேராகச் சேராது.

இந்தியாவிலிருந்து வரும் எச்எம்டி வாட்சுகளில் இது அதிகம். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுடன் பெங்களூரில் தொடங்கிய எச்எம்டி கடிகாரத் தயாரிப்பை மூட 2016-ல் இந்திய அரசு முடிவெடுத்தது. அதன்பின் தேவை கூடியது. அதன் ஜனதா, பைலட் மாடல்கள் இரண்டிலும் ஓடுவது 0231 என்ற ஒரே சாவி கொடுக்கும் மிஷின். அதனால் மலிவான ஜனதாவுக்குப் பைலட் டயல் மாட்டி விலையை ஏற்றுவது சுலபம்.

ராடோவுக்கு வேறு சோதனை உண்டு. ஆட்டோமேட்டிக் ராடோவின் டயலிலுள்ள குட்டி நங்கூரம், வாட்சைச் சாய்த்தால் தானும் திரும்ப வேண்டும். அசையாமல் ஒட்டியிருந்தால் அந்த டயல் ராடோ செய்ததா என்று கேளுங்கள். அசலாகவே இருந்தாலும் பழுது பார்க்கும் செலவு காத்திருக்கிறது.

முள்ளிலும் மணிக்குறியிலும் உள்ள ஒளிப்பூச்சும் பேசும். டயலின் அடியில் சுவிஸ் என்ற சொல்லின் இருபுறமும் 'டி' எழுத்து இருந்தால் அது டிரிடியம் பூச்சு. டிரிடியத்தின் வீரியம் 12 ஆண்டு சொச்சத்தில் பாதியாகிவிடும். 1960களின் வாட்ச் இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால், பின்னாளில் யாரோ பூசியிருக்கிறார்கள். அதற்கும் முந்தைய ரேடியம் டயல்களைச் சுரண்டிப் பார்க்கவே கூடாது. அது கதிரியக்கத் தூள்.

தங்கமா, தங்க நிறமா?

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா நகைக்கடைகளில் 916 முத்திரை பார்க்காமல் ஒரு மோதிரம்கூட வாங்க மாட்டோம். அந்த விழிப்பு கடிகாரத்துக்கும் வேண்டும். 18 கேரட் தங்கக் கேஸில் 750 என்றும், 14 கேரட்டில் 585 என்றும் முத்திரை இருக்கும். '20 மைக்ரான்' என்றிருந்தால், மேலே இருக்கும் தங்கத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்றால் பின்மூடிக்கு மட்டுமே எஃகு உத்தரவாதம். வார் மாட்டும் முனைகளில் மஞ்சள் கரைந்து வேறு நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். முனைகள் சோப்புக்கட்டிபோல் மழுங்கியிருந்தால், பாலிஷ் போட்டுப் போட்டு உலோகத்தையே தேய்த்துவிட்டார்கள்.

ஒமேகாவே ஏமாந்தது

2021 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த பிலிப்ஸ் ஏலத்தில், 1957-ம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 3.1 மில்லியன் சுவிஸ் பிராங்குக்குமேல் விலை போனது. வாங்கியது ஒமேகா நிறுவனமேதான், தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-ல் உண்மை வெளிவந்தது. பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய கடிகாரம் அது. பாகங்கள் பெரும்பாலும் அசல், ஆனால் சேர்ந்து பிறந்தவை அல்ல. முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் தொடர்பு இருந்ததாக நிறுவனம் அறிவித்தது. 'பாகமெல்லாம் ஒரிஜினல்' என்ற ஒரு சொல்லில் நாம் மயங்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

எத்தனை வெள்ளி கொடுக்கலாம்?

விற்பவர்கள் கேட்கும் விலையை விட்டுவிட்டு, அதே எண்ணுள்ள வாட்ச் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று தேடுங்கள். அதிலிருந்து சர்வீஸ் செலவைக் கழியுங்கள். மாற்றிய டயல், முள், சாவிக்கு இன்னும் கழியுங்கள். கதைக்குப் பணம் கொடுப்பதென்றால் கதைக்கும் தடயம் வேண்டும். நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா 2017-ல் 17.75 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனதென்றால், அதன் முதுகில் கவனமாக ஓட்டும்படி அவர் மனைவி பொறித்துக் கொடுத்த வாசகம் இருந்தது. வியாபாரியிடம் வாங்கினால் மாடல், எண், நிலை எல்லாம் எழுதிய ரசீது கேளுங்கள். பிரச்சினை வந்தால், 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை விசாரிக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போக அதுவே கைப்பிடி.

சந்தைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. அலமாரியில் கிடக்கும் தாத்தாவின் வாட்சை எடுத்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்த பழைய கடிகாரக்காரரிடம் போங்கள். டயலைப் புதுப்பிக்க வேண்டாம், பாலிஷ் வேண்டாம், மூடியை மட்டும் திறந்து காட்டச் சொல்லுங்கள். யார் வாங்கியது, யார் கட்டியது, எப்போது நின்றது என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்த கடிகாரம் அது. அசல் எழுத்து எவ்வளவு மெல்லியது, ஐம்பது ஆண்டு மங்கல் எப்படி இருக்கும் என்று அது காட்டும். தங்கத்துக்கு உரைகல்போல, இனி நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு வாட்சையும் அதில் உரசிப் பார்க்கலாம்.