டிரஸர் ஐயா ஏன் படிக்கப் போகிறார்?



"இன்றைக்கு டிரஸர் இல்லையாம், ஏதோ கோர்ஸுக்குப் போயிருக்கிறாராம்." தோட்டத்துக் கிளினிக் வாசலில் இந்தச் செய்தியைக் கேட்டதும் நம்மில் பலருக்கு எரிச்சல் வருகிறது. "இருபது வருஷமாக மருந்து கொடுக்கிற மனிதருக்கு இனிமேல் என்ன படிப்பு?" என்று சிலர் வாய்விட்டே கேட்டு விடுகிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பழகிய கை, தோட்டம் செம்பனைக்கு மாறியபோது குலை அறுக்கப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. வேலை தெரியாதவர்கள் என்று யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை; மரம் மாறிவிட்டது, அவ்வளவுதான். மருத்துவத்திலும் இப்படி மரம் மாறிக்கொண்டே இருக்கிறது. அங்கே பழைய வெட்டையே வெட்டிக் கொண்டிருந்தால், போவது பால் அல்ல, உயிர்.

டெங்குக் காய்ச்சலையே எடுத்துக் கொள்வோம். இரத்தக் கசிவை உண்டாக்கும் கொடிய டெங்கு நம் நாட்டில் 1962-இல் பினாங்கில் தலைகாட்டியது. காய்ச்சல் விட்டது, ஆபத்தும் விட்டது என்பது நம் பெரியோர் வைத்திருந்த கணக்கு. பல நோய்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். டெங்குவுக்குப் பொருந்தாது. காய்ச்சல் தொடங்கி மூன்று முதல் ஏழு நாட்களுக்குள், உடம்புச் சூடு இறங்கும் அந்த வேளையில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கிறது. இரத்தம் கெட்டியாகிறது, நாடி தளர்கிறது. ஒன்று அல்லது இரண்டு நாட்கள் இந்தக் கண்டம் நீடிக்கும். பிள்ளையின் நெற்றி குளிர்ந்திருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தேறிவிட்டான்" என்று தாய் நிம்மதியாகப் படுக்கிறாள். உண்மையில் அவள் விழித்திருக்க வேண்டிய இரவு அது.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், இந்த நோயின் அபாய அறிகுறிகளைத் தனியே வகுத்துச் சொன்னது: கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரை கூடாது; அது இரத்தக் கசிவை அதிகமாக்கும். 1990-இல் படிப்பை முடித்த ஒருவருக்கு இந்த 2009-ஆம் ஆண்டு நூல் எப்படித் தெரியும்? யாராவது உட்கார வைத்துச் சொன்னால்தானே தெரியும்!

வயிற்றுப்போக்குக்கும் இதே கதைதான். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பிள்ளையின் வாயைக் கட்டிய காலம் ஒன்று இருந்தது. பிறகு உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் வந்து எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது. 2002-இல் அந்தப் பொட்டலத்தின் உப்பு அளவையே குறைத்து மாற்றினார்கள். 2004-இல் அதோடு துத்தநாக மாத்திரையும் பத்து முதல் பதினான்கு நாட்கள் கொடுக்கச் சொன்னார்கள். பாம்புக் கடிக்கு இறுக்கக் கட்டுப் போடுவதும், கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் இன்று கூடாத காரியங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதே முறை. செம்பனைக் காட்டில் வேலை செய்கிற நமக்கு இதைத் தெரிந்த டிரஸர் பக்கத்தில் இருப்பது சின்ன விஷயமா?

வேலையில் இருப்பவரை மறுபடியும் படிக்க வைப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1950-களில் தொடங்கிய கிராமப்புறச் சுகாதாரத் திட்டத்தில் இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி என்று கணக்கு வைத்தார்கள். கிராமத்துப் பாட்டிமார்களான பழைய மருத்துவச்சிகளையும் ஒதுக்கிவிடவில்லை. அவர்களுக்குக் கை கழுவவும், சுத்தமான கருவியால் தொப்புள்கொடி அறுக்கவும், பிரசவம் சிக்கலானால் தாமதிக்காமல் அனுப்பி வைக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். 1970-களில் அரசாங்க மருத்துவச்சிகளுக்கே மேல் பயிற்சி கொடுத்து, பிரசவத்தோடு குழந்தை நலத்தையும் பார்க்கும் கிராமத் தாதிகளாக உயர்த்தினார்கள். பிரசவத்தில் தாயைப் பறிகொடுத்த வீடுகள் நம் பாட்டி காலத்தில் லயத்துக்கு லயம் இருந்தன. இன்று அப்படிப்பட்ட சாவு அரிது. ரோடும் ஆம்புலன்ஸும் இரத்த வங்கியும் அதற்குக் காரணம்தான். ஆனால் கற்றுக் கொண்டே இருந்த அந்தப் பெண்களின் பங்கை நான் முதலில் வைப்பேன்.

சரி, இந்தப் படிப்பு எப்படி நடக்கிறது? மாவட்ட ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ ஒரு நாள், இரண்டு நாள் வகுப்புகள் உண்டு. மாதக் கணக்கில் நீடிக்கும் மேல் பயிற்சியும் உண்டு. பிரசவம், நீரிழிவு, அவசரச் சிகிச்சை, சிறுநீரகச் சுத்திகரிப்பு என்று ஒரு துறையை எடுத்துக் கொண்டு படிக்கலாம். வேலையை விடாமல் பட்டம் வாங்க விரும்பும் தாதிகளுக்கு, 2000-இல் தொடங்கப்பட்ட மலேசியத் திறந்த நிலைப் பல்கலைக்கழகம் வழி செய்திருக்கிறது. 2020-இல் கோவிட் வந்த பிறகு கைப்பேசி வழி வகுப்புகளும் பெருகிவிட்டன. அவை வசதிதான். ஆனால் காயத்துக்குத் தையல் போடுவதையும், நின்ற மூச்சை மீட்பதையும் திரையைப் பார்த்து மட்டும் பழக முடியாது. அதற்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். அரசாங்கத் தாதி ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்; படித்ததற்குப் புள்ளிகளும் காட்ட வேண்டும். அவர் வகுப்புக்குப் போனால் அந்த இடத்தில் நிற்க இன்னொருவர் இருப்பார். தோட்டத்து டிரஸரின் நிலை வேறு. அவர் பெயரைப் பதிவு செய்ய 1965-இலேயே தனிச் சட்டம் வந்தது. ஆனாலும் பெரும்பாலும் அவர் ஒற்றை ஆள். வாரத்தில் ஒரு நாள் வரும் டாக்டரைத் தவிர, கலந்து பேசவும் பக்கத்தில் யாரும் இல்லை. வகுப்புக்குப் போக நிர்வாகம் அனுமதி தர வேண்டும். அந்த நாள் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. ஆக, அதிகம் படிக்க வேண்டியவருக்குத்தான் வாய்ப்புக் குறைவு. டிரஸரின் வகுப்பை ஒரு செலவாகக் கணக்கெழுதும் நிர்வாகம், ஆஸ்பத்திரிக்கு லாரி ஓட்டும் செலவையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. டிரஸர் எந்த நாளில் இருக்க மாட்டார் என்பதை முன்கூட்டியே பிரட்டில் அறிவிக்கும்படி கேளுங்கள். அந்த நாளில் யாரிடம் போவது, அரசாங்கக் கிளினிக்குக்கு வண்டி உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள். அவசரத்துக்கு 999 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். திரும்பி வந்தவரிடம், "ஐயா, புதிதாக என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று விசாரியுங்கள். கோயில் மண்டபத்திலோ ஆயாக் கொட்டகையிலோ அரை மணி நேரம் அவரைப் பேச வைக்க முடிந்தால், அந்தப் படிப்பு லயத்துக்குள்ளும் வந்துவிடும்.

தாய்மார்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. இந்த வேலைக்கு உங்கள் மகனோ மகளோ வரலாம். தாதி, மருத்துவ உதவி அதிகாரி ஆகிய இரண்டுக்கும் டிப்ளோமா படிப்பு மூன்று ஆண்டு. சிரம்பான், உலு கிந்தா போன்ற இடங்களில் சுகாதார அமைச்சு பயிற்சி நடத்துகிறது. எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் கிரெடிட் வேண்டும். மலாய் மொழியில் தவறிவிட்டு மற்றதில் எல்லாம் நன்றாக எழுதிய பிள்ளைகள் பலர் இந்த வாசலில் நின்று திரும்பியிருக்கிறார்கள். ஆகவே நான்காம் படிவம் தொடங்கும்போதே அந்தப் பாடத்தைக் கவனியுங்கள். விண்ணப்பம் திறந்திருக்கும் நாட்கள் குறைவு. தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே பள்ளி ஆசிரியரிடமோ, உங்கள் டிரஸரிடமோ தேதியை விசாரித்துக் கொள்ளுங்கள்.