கருந்துளையும் ரொட்டித் துண்டும்

2008 செப்டம்பர் 10-இல் ஜெனீவா அருகே, 27 கி.மீ. சுற்றளவுள்ள சுரங்கத்தில் செர்ன் ஆய்வகத்தின் துகள் முடுக்கி இயங்கத் தொடங்கியது. அதில் உருவாகும் கருந்துளை பூமியை விழுங்கிவிடும் என்று பலர் அஞ்சினர். ஹவாயில் வழக்கும் தொடுக்கப்பட்டது. ஒன்பதே நாள்களில் ஹீலியம் கசிவால் முடுக்கி முடங்கியது. மறு ஆண்டு, பறவை போட்டதாகக் கருதப்பட்ட ரொட்டித் துண்டு மின்கருவியில் விழுந்து குளிரூட்டலைப் பாதித்தபோது, உலகமே சிரித்தது.

ஆனால், அச்சத்தைப் போக்கியது சிரிப்பன்று. முடுக்கியைவிடப் பன்மடங்கு ஆற்றலுள்ள காஸ்மிக் கதிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நம் வளிமண்டலத்தில் மோதுகின்றன, பூமி நிலைத்திருக்கிறது. இதை விஞ்ஞானிகள் பாதுகாப்பு அறிக்கையாகவே வெளியிட்டு விளக்கினர். மக்கள் பணத்தில் நடக்கும் ஆய்வு குறித்துக் கேள்வி கேட்பது மக்களின் உரிமை. கேலி செய்யாமல் விடையளிப்பது அறிவியலின் கடமை.