சூடு சொல்லும் சென்சார்

கார் ஓடினால் இன்ஜின் சூடாகும். சூடு அளவு மீறினால் இன்ஜின் கெட்டுவிடும். பழுது பார்க்கப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். வாடகைக் கார் ஓட்டுபவருக்கு அத்தனை நாள் பிழைப்பும் போகும்.

இன்ஜின் சூட்டை அறிய ஒரு சிறு கருவி உண்டு. அதன் பெயர் சென்சார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதன் நுனி இன்ஜினுக்குள் ஓடும் தண்ணீரில் மூழ்கியிருக்கும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் அது மின்சாரத்தை அதிகம் தடுக்கும். சூடு ஏற ஏறத் தடை குறையும். இதை வைத்துத்தான் காரில் உள்ள கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிறது. சென்சார் கெட்டால் காலையில் வண்டி எளிதில் கிளம்பாது. பெட்ரோலும் வீணாகும்.

வண்டி கொதித்தால் சிலர் உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்கிறார்கள். திறக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் சூடாக இருக்கலாம். மூடியைத் திறந்ததும் பீறிட்டு அடிக்கும். முகமும் கையும் வெந்துவிடும். துணி சுற்றித் திறந்தாலும் இதே கதிதான். மே மாதத்தில் நாக்பூர் போன்ற ஊர்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும். அங்கே இன்ஜின் சீக்கிரம் ஆறாது. இரவு முழுவதும் ஆறவிட்டுக் காலையில் சோதிப்பதே நல்லது.

கை பிரேக்கைப் போடுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். சில கார்களில் சாவி இல்லாமலே விசிறி சுற்றும், விரல் போய்விடும்.

சென்சாரின் பிளக்கை உருவி, சென்சாரைக் கழற்றுங்கள். அப்போது கூலண்ட் கொட்டும். அடியில் ஒரு பாத்திரம் வையுங்கள். கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாய்களும் அருகில் வரக் கூடாது.

மல்ட்டிமீட்டரை ஓமில் வைத்துச் சென்சாரின் இரண்டு முனைகளையும் தொடுங்கள். பல கார்களில் 20 டிகிரி சூட்டில் சுமார் 2,500 ஓம் காட்டும். பிறகு ஒரு பழைய டப்பாவில் கொதிநீர் ஊற்றுங்கள். சமையல் பாத்திரம் வேண்டாம். சென்சாரின் நுனியை மட்டும் இடுக்கியால் பிடித்து நீரில் வையுங்கள். எண் 200, 300 ஓம் அளவுக்கு இறங்க வேண்டும். நீர் ஆற ஆற எண் மெல்ல ஏறும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை இந்த நீரில் போடாதீர்கள், உடைந்துவிடும்.

எண் அசையாமல் நின்றாலோ தாறுமாறாகக் குதித்தாலோ சென்சாரை மாற்றுங்கள். சரியாக இறங்கி ஏறினால் சென்சாரில் குறை இல்லை. வயரையும் பிளக்கையும் பாருங்கள். பிளக்கில் பச்சைப் பாசிபோல் துரு பிடித்திருக்கும். பல நேரம் குறை அதில்தான் இருக்கும்.

சென்சாரைத் திரும்ப மாட்டியதும், கொட்டிய அளவுக்குப் புதுக் கூலண்ட் ஊற்றுங்கள். பிறகே இன்ஜினை ஓட்டிக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.