அனல்மின் நிலையத்துக்குக் கருத்துக் கேட்பு; மின்பாதைக்கு இல்லை

புது தில்லி: நெல்லூர் மாவட்டம் கிருஷ்ணப்பட்டினத்தில் உள்ள தாமோதரம் சஞ்சீவய்யா அனல்மின் நிலையத்தில் தலா 800 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் உள்ளன. அங்கிருந்து 400 கிலோவோல்ட் மின்பாதை ஒன்று சித்தூர் வரை நீள்கிறது.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்து 2006 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, இத்தகைய பெரிய அனல்மின் நிலையங்களுக்கு ஆய்வறிக்கை, பொதுமக்கள் கருத்துக் கேட்பு, நிபுணர் குழுவின் பரிசீலனை ஆகிய மூன்றும் கட்டாயம். ஆனால் அந்த அறிவிக்கையின் அட்டவணையில் மின்பாதை இடம்பெறவே இல்லை. நிலையம் அமையும் ஊர் மக்கள் ஆட்சியர் முன்னிலையில் பேசலாம். கோபுரம் நடப்படும் வயலுக்கு உரியவருக்கு அந்த மேடை கிடையாது.

பாதை வனத்தைக் கடந்தால் மட்டும், 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் அனுமதி தேவை. திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமானது. தமிழக வனங்களிலிருந்து 1980-களில் வந்த யானைகளுக்காகப் பலமநேர் அருகே கவுண்டின்யா சரணாலயம் அமைந்தது. எனினும், சாலை, குழாய், மின்பாதை போன்ற நேர்கோட்டுத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் கிராம சபையின் ஒப்புதல் தேவையில்லை என 2013 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் தளர்வு அளித்துவிட்டது.

தனியார் நிலத்தின் நிலை இன்னும் விசித்திரமானது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு, 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் அதிகாரங்களை மின்பாதை அமைப்போருக்கு வழங்குகிறது. நிலத்தைக் கையகப்படுத்தாமலே கோபுரம் எழுப்பலாம். உரிமையாளர் தடுத்தால், மாவட்ட நடுவர் அனுமதி தந்துவிடலாம்.

2023 டிசம்பரில் தொலைத்தொடர்பு மசோதா நிறைவேறியபோது, அந்தப் பழைய சட்டம் ஒழியும் என்று பலரும் எண்ணினர். ஆனால் மின்பாதைகளுக்காக அதன் மூன்றாம் பாகம் மட்டும் கவனமாகக் காப்பாற்றப்பட்டது. இரு அவைகளிலும் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140-க்கும் மேற்பட்டோர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த கூட்டத்தொடர் அது. வெள்ளையர் காலப் பிரிவு ஒன்று மறுபிறவி எடுத்ததைத் தட்டிக்கேட்க அவையில் ஆளில்லை.

இழப்பீடு மட்டும் ஓரளவு உயர்ந்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, கோபுரம் அமையும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பி செல்லும் தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் வழங்கலாம். 2024 ஜூனில் மின்துறை அமைச்சகம் இவற்றை முறையே 200, 30 சதவீதங்களாக உயர்த்தியது. ஆயினும் இவை நெறிகளே. தம் பாதைகளுக்கு ஏற்பதா என்பதை மாநிலங்களே முடிவு செய்யும். தொகை போதாது என்று கருதும் விவசாயி மாவட்ட நீதிபதியிடம்தான் முறையிட வேண்டும். அதற்குள் கோபுரம் எழுந்து, கம்பியில் மின்சாரமும் பாய்ந்திருக்கும்.