பெடலைச் சுற்றிவிட்டுப் பார்த்தால் போதுமா?

பெடல் அச்சுக்குப் புது கப், புது பால்ரஸ் எல்லாம் போட்டு ஓவராயில் செய்த சைக்கிளை வாங்கியதும், பெடலைப் பின்பக்கமாக ஓங்கிச் சுற்றிவிட்டு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுகிறோம். எட்டு, பத்து வந்தால் முகம் மலர்கிறது. இரண்டு சுற்றில் நின்றால், "டைட்டா இருக்கே அண்ணே" என்று முறையிடுகிறோம். தேர்வே தவறு என்பேன்.

காலியாகச் சுற்றும் பெடலை இழுத்து நிறுத்துவது செயினும், புதுக் கிரீஸின் கொழகொழப்பும்தான். மூடிய பேரிங் என்றால் தூசி புகாமல் காக்கும் ரப்பர் வளையமும் சேர்ந்து பிடிக்கும். நாம் ஏறி மிதித்தாலும் கிரீஸும் ரப்பரும் தரும் இழுவை பெரிதாக அதிகரிக்காது. எடையால் கூடுகிற உராய்வோ மிகச் சொற்பம். நல்ல பால் பேரிங்கின் உராய்வு எண் 0.0015 அளவில் இருக்கும். 50 கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்த, நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், அந்த உராய்வில் வீணாவது ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. நாம் மிதித்துத் தருவது 100 வாட் என்றால், சுத்தமான செயினே அதில் இரண்டு, மூன்று வாட்டைத் தின்றுவிடும். 1869-இல் பாரிஸ் - ரூவான் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் 123 கி.மீ. ஓட்டி வென்ற சைக்கிளிலேயே பால் பேரிங் இருந்தது. உரசுவதை உருளவைத்த அந்த உத்திக்கு இன்றுவரை மாற்று வரவில்லை.

கிரீஸுக்குப் பதில் மெல்லிய எண்ணெய் விட்டால் பெடல் பத்துச் சுற்று சுற்றும். முதல் மழையிலேயே உள்ளே துருவேறும்.

வேறு எப்படிப் பார்ப்பது? செயினைப் பல்சக்கரத்திலிருந்து கழற்றிவிடுங்கள். ஒரு கையை சீட்டின் மேல் வைத்து, மறு கையின் ஒற்றை விரலால் கிராங்கை மிக மெதுவாகச் சுற்றுங்கள். உள்ளே மணல் இருந்தாலோ, பால்ரஸ் ஓடும் தடம் சொரசொரப்பாக இருந்தாலோ, அந்தக் கரகரப்பு ஃபிரேம் வழியாக ஏறி உள்ளங்கைக்கு வரும். காதுக்குக் கேட்காததுகூடக் கைக்குத் தெரியும். கிரீஸின் பிடிப்பு சுற்று முழுக்க ஒரே சீராக, வெண்ணெயில் கத்தி போவதுபோல் இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் இறுகினால் அச்சு வளைந்திருக்கலாம், கப் கோணலாக ஏறியிருக்கலாம்.

அடுத்து, கிராங்கின் நுனியைப் பிடித்து ஃபிரேமை நோக்கித் தள்ளி இழுங்கள். 'டொக்' என்றால் ஆட்டம் இருக்கிறது. கப்பை ஒரேயடியாக இறுக்கினாலும் ஆபத்துதான். அந்த அழுத்தத்தில் கால் அங்குல பால்ரஸ்கள் தடத்தில் குழி பறித்துவிடும். ஆட்டம் மறைகிற இடத்தில் கப்பை நிறுத்தி, அது நகராமல் பிடித்துக்கொண்டு லாக் வளையத்தை இறுக்க வேண்டும். இறுக்கும்போது கப் துளி நகர்ந்தாலும் கணக்கு மாறிவிடும். அதனால் முடித்தபின் மறுபடி விரலால் சுற்றிப் பார்ப்பது கட்டாயம்.

ஒரு மாதம் ஓட்டியபின் இன்னொரு முறை ஆட்டம் பாருங்கள். புது கப்பும் பால்ரஸும் அதற்குள் படிந்து, சற்றே தளர்ந்திருக்கலாம்.