மூக்கில் வளரும் சதை

மூக்கு மணத்தை நுகர்வதற்கு மட்டுமன்று. நம்மைக் காக்கும் காவலாளியும் அதுவே. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிவை நாம் உடனே அறியவே எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளை அதில் கலக்கிறார்கள். மோப்பம் இழந்தவருக்கு இந்த எச்சரிக்கை கிட்டாது.

காசிமேட்டு மீன் வாடைகூட ஒருவருக்குத் தெரியவில்லை, மூக்கடைப்பும் மாதக்கணக்கில் நீடிக்கிறது என்றால், அது வெறும் சளியன்று. மூக்கினுள் 'பாலிப்' வளர்ந்திருக்கலாம். மூக்கின் உட்சவ்வு நீர்கோத்து, தோலுரித்த திராட்சைபோல் தொங்குவதே பாலிப். அது வெளிறியிருக்கும், தொட்டால் வலிக்காது.

எல்லாப் பாலிப்பும் ஒன்றல்ல. சிறுவர்க்கும் இளைஞர்க்கும் ஒரு பக்கம் மட்டும் தனியாக வளர்வது ஒரு வகை. கன்னத்தின் காற்றறையில் தோன்றி மூக்கின் பின்புறம் நீளும் இதை 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் கில்லியன் விளக்கினார். வேரோடு அகற்றினால் பெரும்பாலும் மீண்டும் வராது.

பெரியவர்களுக்கு இரு பக்கமும் கொத்தாக வருவது வேறு வகை. இவர்களில் பலருக்கு ஆஸ்துமாவும் இருக்கும். இரத்தத்திலும் அகற்றிய சதையிலும் இயோசினோபில் அணுக்கள் மிகுந்திருந்தால், அறுவைக்குப் பின்னும் பாலிப் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். சிலருக்கு ஆஸ்பிரின் மாத்திரையே மூச்சுத்திணறலை உண்டாக்கும். மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரை விழுங்குவது இவர்களுக்கு ஆபத்து.

பூஞ்சை ஒவ்வாமையால் வருவது மற்றொன்று. இதில் பிசின்போன்ற கெட்டிச் சளி காணும். இரத்தத்தில் 'ஐஜிஇ' என்னும் எதிர்ப்பொருள் மிக உயரும். இயோசினோபிலுக்குப் பதில் நியூட்ரோபில் அணுக்கள் மிகுந்து சீழ் வடியும் வகையும் உண்டு. அதற்கு ஸ்டீராய்டு மருந்து அவ்வளவாகப் பலிக்காது.

பாலிப்போலத் தோன்றி ஏமாற்றும் நோயும் ஒன்றுண்டு. சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளிலும் இலங்கையிலும், குளத்தில் குளிப்போரிடம் காணப்படும் ரைனோஸ்போரிடியோசிஸ் அது. சிவந்து, வெண்புள்ளிகளுடன் ஸ்ட்ராபெரிப் பழம்போலிருக்கும். தொட்டால் இரத்தம் கசியும்.

வகையறிந்தால்தான் மருந்தும் பொருந்தும். 2019-இல் அமெரிக்காவில் பாலிப்புக்கு அனுமதிக்கப்பட்ட டுபிலுமாப் ஊசி, இயோசினோபில் சார்ந்த அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளையே தடுக்கிறது.

மாணவியரே, பெற்றோரே! ஒரு பக்க அடைப்போ, இரத்தக் கசிவோ, மோப்ப இழப்போ நீடித்தால் கைவைத்தியத்தில் காலம் கடத்தாதீர்கள். நம் இராயபுரத்துக்கு அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. காவலாளி உறங்கினால், அவனை எழுப்புவது நம் கடமையன்றோ!